பின்வாசல் காவல்

பின்வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டதும் ஸ்மிதாவின் கையிலிருந்த அகப்பை நழுவி விழுந்தது. மறுநாள் கோர்ட்டில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். தையல்காரர் வேதமணியைக் குத்திக் கொன்றவனைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவன் ஜாமீனில் வெளியே இருந்தான்.

சாட்சிப் பாதுகாப்பு அதிகாரம் எஸ்.பி.யிடமிருந்து டி.எஸ்.பி.க்கும் ஸ்டேஷனுக்கும் இறங்கி, முன்வாசலில் ஒற்றைப் போலீஸ்காரராக வந்து நின்றது. பாறசாலைக்கு அப்பால் மாநில எல்லையில் இருந்த அந்த வீட்டின் முன்வாசல் கேரளத்தில் இருந்தது; பின்வாசல் தமிழ்நாட்டில் திறந்தது.

"பின்னாடி நமக்கு அதிகாரம் இல்ல சேச்சி. அந்தப் பக்கத்து ஸ்டேஷன ஏப்பிச்சாச்சு" என்று, பொறுப்பை ஒப்படைத்துவிட்ட நிம்மதியில் முன்பே சொல்லியிருந்தார் போலீஸ்காரர். அந்த ஸ்டேஷன் அதை ஊர்க்காவல் படையிடம் தள்ளிவிட்டது. இதுவரை யாரும் வரவில்லை.

ஸ்மிதா ஜன்னல் வழியே பார்த்தாள். ஊர்க்காவல் படையின் தொளதொளத்த காக்கிச் சட்டையும் விசிலுமாக வேதமணி நின்றிருந்தார். கழுத்துக்குக் கீழே பிரேதப் பரிசோதனைத் தையல் தெரிந்தது.

"அண்ணாச்சி... உங்கள ஆரு அனுப்பினா?"

அவர் ரப்பர் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"பயப்படாண்டாம் மக்கா. உசிரோட உள்ளவன் ஒருத்தனும் இந்தக் காவல ஏக்கல்ல. அதாக்கும் என்ன ஏப்பிச்சாவ."