மழைக்குப் புதைத்த பாட்டில்

"பிளாஸ்டிக் மூடி போட்டதைப் புதைச்சா மழை எப்படி நிக்கும், சம்பந்தி? மேகமே சிரிக்கும்" என்றார் ஹாலிஸ்.

வெண்டலின் பிக்-அப் வண்டியில் பின்பலகையை இறக்கி, அதன்மேல் மூன்று பாட்டில்களை நிறுத்தியிருந்தார்கள். டெஸ்ஸாவின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். கல்யாணம் நடக்கிற இடத்தில் ஒரு மாதம் முன்னதாகவே முழு பாட்டில் போர்பனை, அதாவது மக்காச்சோள விஸ்கியை, தலைகீழாகப் புதைத்துவிட்டால் அன்றைக்கு மழை எட்டிப் பார்க்காது. கென்டக்கியில் இதைச் செய்யாமல் யாரும் வெட்டவெளியில் கல்யாணம் வைப்பதில்லை. முடிந்ததும் தோண்டியெடுத்து எல்லோரும் குடிப்பார்கள்.

வீட்டு வால்நட் மரத்தடியில், கூடாரம் எதுவும் போடாமல், வானத்துக்குக் கீழே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது டெஸ்ஸாவின் ஆசை. வெண்டலுக்கு இருப்பது ஒரே மகள்.

மாப்பிள்ளையின் அப்பா ஹாலிஸ், மீசை முளைத்த நாளிலிருந்து விஸ்கி ஆலைக் கிடங்கில் பீப்பாய் உருட்டுகிறவர். சரக்கு விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. புதைக்கிற பாட்டிலைத் திறக்கக் கூடாது என்பதால், ருசி பார்க்க அதே சரக்கில் அரை பாட்டில்கள் தனியாக வந்திருந்தன. அதிலேயே கால்வாசி காலி.

வெண்டல் வாங்கி வந்த கழுதைப் படம் போட்ட பாட்டில், வறுத்த கடலையில் ஆரம்பித்து மண்ணெண்ணெயில் முடிகிறது என்று தீர்ப்புச் சொன்னார் ஹாலிஸ். வெண்டலின் மைத்துனன் கொடுத்தனுப்பிய, ரை தானியத்தில் வடித்த விஸ்கி மிளகைக் கடித்த மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் மக்காச்சோளம் இல்லாத சரக்குக்கு மழை கட்டுப்படாதாம்.

கடைசியாகத் தன் பாட்டிலை எடுத்தார். பன்னிரண்டு வருடம் பீப்பாயில் கிடந்தது. கனத்த அடிக்கண்ணாடி, கழுத்துவரை சிவப்பு மெழுகு, வைத்துக்கொள்ள உருளையாக ஒரு தகர டப்பா வேறு. நாக்கில் சுட்ட சர்க்கரை, நடுவில் ஓக் மரம், தொண்டையைத் தாண்டும்போது லேசாகப் புகையிலை. இந்த விலைக்கு எட்டுக் கழுதை வாங்கலாம் என்றார்.

"மண்ணுக்கு நாக்கா இருக்கு?" என்றார் வெண்டல்.

"மண்ணுக்கு இல்ல. மேல இருக்கறவருக்கு இருக்கு."

வெண்டல் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்றுதான் ஹாலிஸ் நினைத்தார். வெண்டலின் கண்ணோ வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. மக்காச்சோளத்தின் இலைகள் வெயிலில் சுருண்டு நின்றன. ஆலைக்குப் போக வேண்டிய சோளம். மழை இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான். மகள் கல்யாணத்துக்கு வெயிலும் வயலுக்கு மழையும் ஒரே வாயால் எப்படிக் கேட்பது?

பயிர் வாடுவது ஹாலிஸுக்கும் தெரியும். "பயிர் போனாலும் கவலைப்படாதீங்க சம்பந்தி. கிடங்குல ஒரு வார்த்தை சொல்றேன். பீப்பாய் உருட்ட எப்பவும் ஆள் தேவை" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். வெண்டலுக்கு முள்ளாகத் தைத்தது. இந்த வயதில் சம்பந்திக்குக் கீழே பீப்பாய் உருட்டுவதா?

"ஹாலிஸ் மாமா கொண்டுவந்ததையே வச்சுடலாம்ப்பா" என்றாள் வண்டியருகே நின்ற டெஸ்ஸா. அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

லேபிள் கெட்டுவிடக் கூடாதென்று பாட்டிலை டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பாட்டில் மூடி கீழே இருக்கும்படி ஹாலிஸே குழியில் இறக்கினார்.

அதோடு அவ்வப்போது விழுந்த தூறலும் நின்றது. வந்த மேகமும் அடுத்த ஊர்ப் பக்கம் ஒதுங்கிப் போனது. சோளம் பட்டுநூல் விடும் வாரம் வந்தது. அப்போது தண்ணீர் கிடைக்காத கதிரில் மணி பிடிக்காது. அந்த வாரம்தான் மேற்கே முதல் தடவையாக மேகம் கூடிக் கறுத்தது. பெய்யவா வேண்டாமா என்பதுபோல இரண்டு நாளாக அப்படியே நின்றது.

வெண்டலுக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் மண்வெட்டியை எடுத்தார். பெண்கள் கல்யாண உடுப்பு அளவு பார்க்க டவுனுக்குப் போயிருந்த மத்தியானம் அது. பாட்டிலை எடுத்து ஒளிக்க முடியாது, ஊரே பார்க்கத் தோண்டப்போகிறார்கள். மூடி மேலே வரும்படி திருப்பி வைத்தால் போதும். சுற்றியிருந்த தாளைப் பிரிக்கவில்லை. இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்த டப்பாவை அவசரமாகத் தலைமாற்றி இறக்கி, மண்ணை மூடி மிதித்தார். மகள் திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

சாயங்காலத்துக்குள் மேகம் கலைந்துவிட்டது.

கல்யாணத்தன்று வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. டெஸ்ஸாவின் வெள்ளை உடுப்பில் ஒரு சொட்டு படவில்லை. வேலிக்கு அப்பால் சோளம் காகிதமாகச் சலசலத்தது. உரித்துப் பார்த்த கதிரெல்லாம் வெறும் சக்கை. பாதிரியார்கூட ஹாலிஸின் கையைக் குலுக்கி, அடுத்த கல்யாணத்துக்கும் இதே சரக்கைத்தான் சொல்லப்போகிறேன் என்றார்.

ஹாலிஸ் தானே தோண்டினார். டப்பாவை இருந்த நிலையிலேயே நேராகத் தூக்கி, எல்லோர் முன்னாலும் தாளைப் பிரித்து, மேல் முனையைத் திறந்து பாட்டிலின் அடியைக் காட்டினார்.

"பாருங்க, மூடி கீழதான். வச்சது வச்சபடி இருக்கு."

வெண்டலுக்குப் புரியவில்லை. தன் கையாலேயே திருப்பி வைத்த டப்பா. மூடி மேலே அல்லவா இருக்க வேண்டும்?

பக்கத்தில் நின்ற டெஸ்ஸா அவர் கையை இறுகப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, சோளம் நூல் விட்ட அன்னிக்கே நான் போய் அதை நிமிர்த்தி வச்சேன். கல்யாணம் நனைஞ்சா நனையட்டும்னுதான்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "எந்தப் பாவியோ திரும்பக் கவுத்துட்டான்."