கடைசி ஆட்டின் பிரச்சாரம்

நூறு ஆடுள்ள மந்தை. வருஷத்துக்கு ஒரு தலைவர். தேர்தல் முறை ரொம்ப எளிது. பாதை பிரியும் இடத்தில் போட்டியாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நடப்பார்கள். யார் பின்னால் கூட்டம் அதிகமோ, அவரே தலைவர்.

இதுவரை தலைவராக இருந்த மணி கட்டிய கிடா சாலைப் பக்கம் கூப்பிட்டது. அங்கே லாரியிலிருந்து சிந்திய பருத்திக்கொட்டை கிடைக்கும். செவலை ஆடு ஓடைப் பக்கம் கூப்பிட்டது. அது தூரம், ஆனால் லாரி கிடையாது.

செவலை நொண்டி ஆட்டிடம் வந்தது. "எனக்காக நாலு பேர்கிட்ட பேசுக்கா."

"நானா? எனக்குக் கொம்பும் இல்லை, குரலும் இல்லை. எப்பவும் கடைசியில வர்றவ. வேற ஆளைப் பாரு."

"போன மாசம் ரெண்டு குட்டி லாரியில அடிபட்டுச்சுன்னு என்கிட்ட சொன்னியே, வேற யாரு பார்த்தது?"

நொண்டி அசை போடுவதை நிறுத்தியது. "நான் மட்டும்தான். கிடா திரும்பிக்கூடப் பார்க்கலை."

"குட்டிங்க வழி தவறிப் போச்சுன்னு அவன் சொல்றான். எல்லாரும் நம்புறாங்க."

நொண்டி எழுந்தது. மூன்று நாள் மந்தை முழுக்கச் சுற்றியது. பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு ஆட்டின் பக்கத்திலும் படுத்து, கண்டதைச் சொன்னது.

கிடா சிரித்தது. "மூணு காலை வச்சுக்கிட்டு ஓடைப் பாதைக்கு ஓட்டுக் கேக்குறியா? உனக்குத்தானே அது தூரம்?"

"தூரம்தான். நிம்மதியா கடைசியில வரலாம்."

தேர்தலன்று கிடா மணியை ஆட்டிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தது. கொஞ்ச தூரம் போய், முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஏழெட்டு ஆடுகள். ஓடைப் பாதையில் ஒரே புழுதி. புழுதிக்குக் கடைசியில், வழக்கம்போல, நொண்டி.