மறைப்புக்கு அந்தப் பக்கம்

கிளாவரையில் மத்தியானமே விளக்குப் போட வைத்துவிட்டது மூடுபனி. அடுப்புக்கு மேலே தொங்கும் பூண்டுக் கட்டுகளைப் புகை சுற்றுகிறது. கண் தெரியாத காளியாயி போன மாதமே விண்ணப்பம் கொடுத்திருந்ததால், தேர்தல் அலுவலர்கள் நாங்களே தபால் ஓட்டுச் சீட்டோடு வீடு தேடி வந்திருக்கிறோம். அந்தம்மா முன்னால் அட்டை மறைப்பை நிறுத்தி, அதற்குள் சீட்டு, பேனா, உறை, பசை எல்லாம் வைக்கிறேன். "குறி போட்டு, மடிச்சு, உறைல வச்சு ஒட்டணும்மா. துணைக்கு ஆள் இருக்கா?" "எங்க வீட்டுக்காரரு இருக்காருல்லங்க." சுவரில் மாலை போட்ட படம், திருமலைச்சாமி என்ற பேருக்குக் கீழே இறந்த தேதி. "வேற யாராச்சும்..." என்று இழுக்கிறேன். "அவரு வந்து உக்காந்துட்டாரு. நீங்க தள்ளி நில்லுங்க." தள்ளி நிற்கிறேன். அந்தம்மாவின் இரண்டு கைகளும் மடியில் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருக்கின்றன. மறைப்புக்குள் பேனா மூடி கழல்கிறது. தாளில் கீறும் சத்தம். பிறகு தாள் மடிகிற சத்தம். வீடியோ எடுக்கும் மனோஜ்குமார் என்னையே பார்க்கிறான். ஓட்டுப் போடும்போது எட்டிப் பார்க்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் தொண்டை வறளக் கத்தியவன் நான். இப்போது அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். "முடிஞ்சிருச்சுங்க" என்கிறார் காளியாயி. அட்டையை எடுக்கிறேன். உறை ஒட்டியிருக்கிறது, பசை இன்னும் ஈரம். பெட்டியில் போடுவதற்கு முன்னால் உறுதிமொழித் தாளில் ஒரே ஒரு இடத்தை நிரப்ப வேண்டும்: துணைக்கு இருந்தவர் பெயர். மறைப்புக்குள் கிடந்த அதே பேனாவை எடுக்கிறேன். இந்தக் குளிரில், யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்த சூடு அதில் இருக்கிறது.