பெண் வீட்டுத் தவளை

குளக்கரையில் நின்றவர்கள் ஐந்து பேர். கீழூர் வீரபுத்திரன், அவர் மனைவி பொம்மக்கா, பூசாரி கருத்தாண்டி, கல்லூரியிலிருந்து வந்திருந்த ஷெரின் என்ற பெண். ஐந்தாவது ஆள் அவர்.

அவர் மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

படித்துறையில் தவளைகள் பட்டப்பகல் வெயிலில் உட்கார்ந்திருந்தன. ஆள் நெருங்கியும் குதிக்கவில்லை. சில, கால்களைப் பரப்பி மல்லாந்து மிதந்தன.

ஷெரின் கையுறையோடு ஒன்றை எடுத்துத் திருப்பினாள். தோல் நைந்த துணிபோல் உரிந்து வந்தது.

"பூஞ்சை நோய்ங்கய்யா. தவளை வாயால தண்ணி குடிக்காது, தோலாலதான் குடிக்கும். அந்தத் தோலையே இது கெடுத்துடும். தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே சாகுது."

ஆனியில் தவளைக் கல்யாணம் நடந்த குளம். மழை கேட்டு இரண்டு ஊரும் சேர்ந்து செய்வது. மாப்பிள்ளைத் தவளை கீழூர் வயலிலிருந்து வரும். பெண், இந்த ஊரில் அந்த ஐந்தாமவர் வீட்டு ஓடையிலிருந்து.

பெண் கொடுக்கிற வீடு என்றே அந்த வீட்டுக்குப் பெயர்.

இந்த ஆனியில் ஓடையில் பொட்டு ஈரம் இல்லை. கல் கல்லாகப் புரட்டிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் பெண் இல்லை என்று சபையில் போய்ச் சொல்வதா?

டவுனில் வண்ணமீன் விற்கிற கடை ஒன்று இருந்தது. கண்ணாடித் தொட்டியில் தவளையும் இருந்தது.

மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி சுற்றிவிட்டால் எந்த ஊர்த் தவளை என்று யார் கண்டார்கள்.

கல்யாணத்தன்று பெண் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அடக்கமான பெண் என்றார்கள்.

தாலிச்சரடு சுற்றும்போது பொம்மக்காதான் துணியை விலக்கிக் காலைப் பார்த்தாள்.

"என்ன சம்பந்தி, பொண்ணுக்குக் கறுப்பு நகமெல்லாம் இருக்கு. எம் புள்ளையப் பிராண்டிருவா போலயே."

"எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் நகம் உண்டு, சம்பந்தியம்மா. பாத்து நடந்துக்குங்க."

சபையே சிரித்தது. ஜோடியைக் குளத்தில் விட்டார்கள். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

குளம் நிரம்பியது. தவளைச் சத்தம் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது.

"வெளியிலருந்து தவளை எதையாவது கொண்டாந்து விட்டீங்களா?" என்று கேட்டாள் ஷெரின். "கடையில விக்கிற சீமைத் தவளை ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாது. நோயைச் சுமந்து வந்து மத்ததுக்குக் குடுத்துடும். பின்னங்கால்ல கறுப்பு நகம் இருக்கும்."

பொம்மக்கா நிமிர்ந்தாள். சம்பந்தியைப் பார்த்தாள்.



"கடைத் தவளைய இங்க யாரு விடப்போறா," என்றார் பூசாரி. "பொண்ணு நம்ம ஓடையில பொறந்தது. அசலூருன்னா மாப்பிள்ளைதான். ஊருக்குள்ள அதான் பேச்சு, கீழூர்த் தவளை சீக்குத் தவளைன்னு. இனிமே அங்க மாப்பிள்ளை எடுக்க வேணாம்."

வீரபுத்திரன் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். யார் முன்னாலும் துண்டை இறக்காத மனுஷன்.

"பாத்துத்தான் பிடிச்சாந்தோம். ஆனாலும் எங்களால வந்ததுன்னா... மனசுல வச்சுக்காதீங்க, சம்பந்தி."

பெண் வீட்டுக்காரருக்கு முதுகு வளைந்து பழக்கமில்லை. இப்போதும் வளையவில்லை. ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வீட்டுப் பெயர் நிற்கும்.

பொம்மக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலடியில் ஒரு தவளையின் தொண்டை துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

அவர் வீரபுத்திரனின் கக்கத்திலிருந்து துண்டை உருவினார். உதறி, அந்த மனுஷன் தோளிலேயே திரும்பப் போட்டார்.

பிறகு தன் தோளில் கிடந்ததை எடுத்தார்.

"ஊர்ல பேசுறது பொய், கருத்தாண்டி. மாப்பிள்ளைக்கு ஒரு சீக்கும் இல்ல."