கணீர்க் குரல்

துணிக்கடை விளம்பர வீடியோவில் தம்பி பேசட்டும் என்று அம்மா சொன்னதும் அண்ணன் உதட்டைச் சுழித்தான்.

“அவன் பேசினா வர்ற ஆளும் ஓடிடுவான். தொண்டையா அது? தகர டப்பா.”

தம்பி விளக்கை நகர்த்தி வைத்தான்.

ஒலிப்பதிவுக்கு வந்திருந்த பெண் மூன்று மைக்குகளிலும் அண்ணனை வரவேற்பு வரிகளைப் பேச வைத்தாள். பிறகு ஹெட்போனை அவனிடம் கொடுத்து ஒவ்வொரு பதிவாக ஓட விட்டாள்.

“இது சட்டையில மாட்டுறது சார்.”

“மூக்கடைச்ச மாதிரி இருக்கு. தூக்கிப் போடுங்க.”

“இது கேமரா மேல வைக்கிறது.”

“இதுவும் குப்பை. என் தம்பி பேசுற மாதிரியே இருக்கு. இதையெல்லாம் எங்க பொறுக்கினீங்க?”

மூன்றாவது பதிவு ஓடியதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“இது மைக். என் குரல் கணீர்னு அப்படியே வருது பாருங்க. இதையே வச்சுக்கலாம்.”

அவள் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“மன்னிச்சுக்கங்க சார், பதிவு மாறிப்போச்சு. முதல் ரெண்டும்தான் நீங்க பேசினது. இது நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்க தம்பி அதே வரிகளைப் பேசிப் பார்த்தது.”

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அம்மாவையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை.

“வீடியோவுல பேச்சே வேண்டாம். பாட்டுப் போட்டுக்கலாம்” என்றான்.