குடை பிடித்த காட்டேரி

"வெயில் பட்டா எரிஞ்சு சாம்பலாகிற இரத்தக்காட்டேரி, பட்டப்பகல்ல குடை பிடிச்சுக்கொண்டு உப்பளத்துக்குள்ள சண்டைக்கு நிக்குது! இப்பிடியொரு கூத்த எங்கயாவது கண்டிருக்கீங்களா?"

ஹில்மி மைக்கில் கேட்டதும் கனமூலை ஊர் மண்டபமே கொல்லென்று சிரித்தது.

முன்வரிசையில் இருந்த றிஷ்னா தலையைக் குனிந்துகொண்டாள். ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து அவள் எடுத்த முதல் படத்தைத்தான் இப்போது போட்டுக் காட்டியிருந்தார்கள். புதுப்படங்களை யூடியூப்பில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறவன் ஹில்மி. அவன் வாயால் நல்லம் என்று வந்துவிட்டால், புத்தளம் டவுனில் உள்ள தன் மண்டபத்திலும் படத்தைப் போடுவதாகச் செய்னுலாப்தீன் ஹாஜியார் சொல்லியிருந்தார்.

ஹில்மி ஓரவஞ்சனைக்காரன் இல்லை. நிறையையும் சொன்னான்.

"சண்டையெல்லாம் சோக்கா இருக்கு. கரண்ட் காத்தாடிக் கம்பத்துக்குக் கீழ, அந்தக் குடையாலேயே மூணு பேரச் சாய்க்கிற இடம் இருக்கே, கொழும்புக்காரனும் அப்பிடி எடுக்க மாட்டான். காட்டேரியா நடிச்சது என்ட தங்கச்சி எண்டதுக்காகச் சொல்லல்ல. மர்ஷூதாட கண்ணப் பாக்க எனக்கே பயமாப் போச்சு."

வாப்பா கட்டாரில் வேலை. வீட்டில் அவன் சொல்தான் சொல். தங்கச்சியை நடிக்க விட்டதே தன்னுடைய பெரிய மனசு என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"ஆனா கதை? காட்டேரிக்கு இருட்டு வேணாமா? படம் முழுக்கத் தேடியும் ஒரு ராவு இல்ல. ஏன் றிஷ்னா, ஒங்களுக்கு இருட்டெண்டா பயமா?"

மறுபடியும் சிரிப்பு.

"என்ட பிழைதான் ஹில்மி நானா," என்றாள் றிஷ்னா. "யோசிக்காம எடுத்திட்டன்."

"அது பிழையில்ல தங்கச்சி, சோம்பல்!"

கூட்டம் கலைந்து, வாசலில் நின்று பிளேன்டீ குடிக்கும்போது ஹாஜியார் கேட்டார். "என்ன தம்பி, டவுன்ல போடலாமா?"

"வேணாம் ஹாஜியார். கூ அடிப்பாங்க. அடுத்த படத்தப் பாப்பம்."

றிஷ்னாவின் முகம் செத்துப் போயிற்று. "பரவாயில்ல நானா," என்று மட்டும் சொன்னாள்.

கெமரா பிடித்த கிளைட்டனுக்குத்தான் பொறுக்கவில்லை. மாம்புரி மீன்பிடிக்காரரின் மகன்.

"அண்ணா, நாங்க எழுதினது முழுக்க ராவுக்குத்தான். எங்கட அப்பாட மீன்பிடிப் போட்டுல இருந்த லைட்டெல்லாம் கழட்டிக் கொண்டுவந்தம்."

"கிளைட்டன், வாய மூடு," என்றாள் றிஷ்னா.

"மூட மாட்டன். வேற பிள்ளையப் போடுவம் எண்டு எவ்வளவு கெஞ்சினன்? இவ கேக்கல்ல. மர்ஷூதாவ விட்டா இதுக்கு ஆளில்ல, பகல்ல எடுத்தாலும் பரவாயில்ல, கையில ஒரு குடையக் குடுப்பம் எண்டு சொல்லிட்டா."

ஹில்மிக்கு விளங்கவில்லை. "ஏன், மர்ஷூதா ராவுல நடிச்சா என்ன?"

றிஷ்னா பக்கத்தில் நின்ற மர்ஷூதாவின் கையைப் பிடித்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். மர்ஷூதா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்ல முந்தி வீட்ட வந்து நிக்காட்டி நடிப்பும் இல்ல, ஒண்டும் இல்ல எண்டு சொன்னது நீங்கதானே நானா? சபையில அதச் சொன்னா ஒங்களுக்கு வெக்கமாப் போயிடும் எண்டுதான் இவ பழியத் தன்ட தலையில போட்டுக்கொண்டா."

ஹில்மி கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தான். பிறகு ஹாஜியாரின் பக்கம் திரும்பினான்.

"டவுன்ல போடுங்க ஹாஜியார். ராவுக்கே போடுங்க. மர்ஷூதாவ நானே கூட்டிக்கொண்டு வாறன்."