கீழ்ப்பொந்துப் பொட்டலம்

புங்கமரத்து மேல்பொந்துக்குள் ஒரு இலைப்பொட்டலத்தைப் போட்டுவிட்டு, "கூரியர்!" என்று கத்திக்கொண்டே பறந்துவிட்டது காக்கை. அதற்கு எப்போதும் அவசரம்தான்.

மேல்பொந்தில் குடியிருந்த அணில் முகர்ந்து பார்த்தது. ஆலம்பழ வாசனை. கோரைப்புல்லால் இரட்டை முடிச்சு. கீழ்ப்பொந்து மைனாவின் அம்மாதான் அப்படிக் கட்டுவாள். மகள் அடைகாக்கிறாள், இரை தேடப் போகமுடியாதே என்று அனுப்பியிருக்கிறாள்.

"அடுத்த வீட்டுப் பொருள் நமக்கெதுக்கு? சாயங்காலம் கொடுத்துடலாம்" என்றது அணில்.

வெயில் ஏறியது. "கெட்டுப்போயிருந்தா? அடைகாக்கிறவ வயித்துக்கு ஆகாதே!" என்று முடிச்சை அவிழ்த்து ஒரு பழத்தைத் தின்று பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது என்று இன்னொன்றையும் தின்றது. கடைசியில் இலைதான் மிஞ்சியது. வெறும் இலையைக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும் என்று அதைக் காற்றில் விட்டது.

அப்போது வாசலில் சிறகடிப்பு. மைனா ஒரு பொட்டலத்தை இறக்கி வைத்தது.

"அக்கா, காக்கா உங்களோடதை எங்க வீட்டுல போட்டுட்டுப் போயிருச்சு. எறும்பு ஏறாம இறக்கைக்குள்ளேயே வச்சிருந்தேன். முட்டையை விட்டுட்டு உடனே வர முடியல, கோவிச்சுக்காதீங்க."

அணில் வாயைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"முடிச்சு லேசாத் தளர்ந்த மாதிரி இருக்கே," என்றது. "பிரிச்சுப் பார்த்தியா?"